கொடியக்காவின் மெயில் தாள்கள்

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் எல்லோரும் கொடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். அது வீட்டில் வைத்த பேர் இல்லை. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் அங்கே டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவளாக வேலை பார்த்தேன். மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் நானும் கொடியக்காவும் எக்ஸ்ரே அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அவர் கதை எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த அறையில்தான். மீதியை நானே கண்ணால் பார்த்தேன்.

ஒல்லியான ஆள். ஏ.சி. ஒத்துக்கொள்ளாது என்று வருஷம் முழுக்க ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். வாய் கொஞ்சம் கூர்மை. வரிசையைத் தாண்டி உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களிடம், "வலி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார், வரிசைதான் வேற வேற" என்பார். எழுத்துப் பிழை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. 'பல் பிடுங்குதல்' என்பதை யாரோ 'பள் பிடுங்குதல்' என்று அச்சடித்துக் கொண்டுவந்த நோட்டீஸ் கட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். டாக்டரே அவருக்குக் கொஞ்சம் பயந்தவர்தான்.

கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், சத்தமில்லாமல் பிரிந்து வந்தவர். ஒரு தையல்கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். கீழே மிஷின் ஓடினால் மேலே தண்ணீர்ச் சொம்பு அதிரும். அம்மா தங்கையோடு இருந்தார். தங்கைக்கு நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை, ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கொடியக்கா அங்கே சாப்பிடப் போவார். திங்கட்கிழமை வரும்போது முகம் கொஞ்சம் தூக்கியே இருக்கும். "எங்கம்மாவுக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்தியைப் பத்திப் பேசுவாங்க, இன்னொருத்தியைப் பத்திக் கவலைப்படுவாங்க" என்று ஒரு தடவை சொன்னார்.

கிளினிக்கில் கூட்டமில்லாத பொழுதுகளில்தான் அந்தப் பழக்கம் தொற்றியது. பல் கட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் டாக்டருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்பியிருந்தார். சும்மா வெள்ளையில் கறுப்பு எழுத்து இல்லை. இளமஞ்சள் தாள் மாதிரி ஒரு பின்னணி, இடது ஓரம் நெடுக மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னப் பூக்கள், எழுத்தும் அதற்கேற்ற பழுப்பு நிறம். மெயில் பெரிதானாலும் சிறிதானாலும் பூவரிசை அறுபடாமல் கூடவே வந்தது. கொடியக்கா அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எங்கேயோ அழுத்தி அதன் உள்பக்கத்தைத் திறந்தார். அந்தப் பூவெல்லாம் எப்படி வரிசையாக நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற எச்.டி.எம்.எல். வரிகள் அங்கே இருந்தன. எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அவர் ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்து, எதைத் தொட்டால் எது நகர்கிறது என்று தானாகவே கற்றுக்கொண்டார்.

இப்படி மெயிலுக்குத் தாள் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற ஒரு குழு இருந்தது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். அதை நடத்தியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மாதான். யாரும் சொந்தப் பேரைப் போட மாட்டார்கள். ஒருவர் நத்தை, ஒருவர் ஊதா, ஒருவர் மேகம். நம்மவர் எப்போதும் இலையும் தண்டும் சுருளும் வைத்தே தாள் செய்ததால் கொடி என்று ஆனார். கிளினிக்கில் நான் ஒருநாள் வாய் தவறி "கொடியக்கா" என்று கூப்பிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு. தாளின் உள்வரிகளில் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். ஒரு கோண அடைப்பு, ஒரு ஆச்சரியக்குறி, இரண்டு சிறு கோடு போட்டு ஆரம்பித்தால், அதற்குள் என்ன எழுதினாலும் மெயிலில் தெரியாது. உள்ளே திறந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். படம் யாருடையது, தாள் செய்தது யார், விற்கலாமா கூடாதா என்பதையெல்லாம் அங்கே எழுத வேண்டும். தாளை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், நிறத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அந்தக் குறிப்பை மட்டும் தொடக் கூடாது.

கொடியக்கா அதோடு நிற்கவில்லை. குறிப்புக்குள் இன்னும் இரண்டு வரி சேர்ப்பார். 'இன்று கிளினிக்கில் ஒரு தாத்தா பல்செட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இந்த மூன்றாவது இலை முடிந்தது.' இந்த மாதிரி. குழுவில் இருந்தவர்கள் தாளைப் பயன்படுத்தினார்களோ இல்லையோ, அவருடைய குறிப்பைப் படிப்பதற்காகவே உள்ளே திறந்து பார்த்தார்கள். "கொடி, உன் தாளுக்கு உள்பக்கம்தான் அழகு" என்று டீச்சரம்மா எழுதியதை எனக்குக் காட்டினார். அப்படி அவர் முகம் மலர்ந்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்தக் கட்டுப்பாட்டில் டீச்சரம்மாவைவிட இவர்தான் கண்டிப்பு. மேகம் என்ற பேரில் இருந்த பெண் ஒருத்தி, வேறொருவர் செய்த தாளில் குறிப்பை எடுத்துவிட்டுத் தன் பேரைப் போட்டுக்கொண்டாள். கண்டுபிடித்தது கொடியக்கா. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழு முழுக்கக் காட்டினார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள், வீட்டில் உடம்பு சரியில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு அவசரத்தில் செய்துவிட்டேன் என்றாள். டீச்சரம்மா இளகினார். இவர் இளகவில்லை. 'அடுத்தவர் பேரை அழிக்கத் துணிந்த கைக்கு இங்கே வேலையில்லை' என்று எழுதினார். அந்தப் பெண் போய்விட்டாள்.

"பாவம்க்கா, விட்டிருக்கலாம்" என்றேன்.

"எதுக்கு விடணும்? அவ எடுத்தது ஒரு வரி இல்லடி. ஒரு ஆளு."

அந்தச் சமயத்தில்தான் ஓவியர் பழக்கமானார். சுவர் இடுக்கிலும் சாக்கடை ஓரத்திலும் முளைக்கிற களைச்செடிகளை மட்டும் நீர்வண்ணத்தில் வரைகிற ஒரு பெண்மணி. இணையத்தில் அவர் படங்களைப் பார்த்துவிட்டுக் கொடியக்கா எழுதிக் கேட்டார். ஓவியர் பதில் எழுதினார்: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்கு மட்டும் கூடாது, என் பேர் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அடிக்கடி எழுதிக்கொண்டார்கள். எந்தச் செடி எந்தச் சுவரில் முளைத்தது என்று ஓவியர் எழுதுவார். இவர் அதைக் குறிப்பில் சேர்ப்பார். குழாயடியில் முளைத்த ஒரு கொடியை வைத்துச் செய்த தாள்தான் அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது. இடது ஓரத்தில் ஏறி, மேல்மூலையில் திரும்பி, ஒரு சுருள் மட்டும் எழுத்து இருக்கிற பக்கம் எட்டிப் பார்க்கும். ஒட்டு தெரியாமல் இருக்க ஒரு இலையைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். செடி தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவருக்கே ஒரு சின்னக் கூச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கேட்டாள். அவள் ஒரு விளம்பர அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கம்பெனிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற மெயில்களைச் செய்து கொடுக்கிற இடம்.

"அக்கா, நீ செய்யற அந்தப் பூ மெயில்ல நல்லதா நாலஞ்சு எனக்கு அனுப்பேன். ஆபீஸ்ல சும்மா மாதிரிக்குப் பாக்கணும்."

அதுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கொடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக எதை அனுப்பலாம் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். குழாயடிக் கொடியை முதலில் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கிளினிக் மெயிலுக்கு ஒரு மெத்தைக் கம்பெனியின் விளம்பரம் வந்தது. எல்லோருக்கும் வருகிற குப்பைதான். அவர் அழிக்கப் போனவர் கையை எடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். இளம்பச்சைத் தாள், இடது ஓரத்தில் ஏறும் கொடி, மேல்மூலையில் திருப்பம், எட்டிப் பார்க்கிற சுருள். அந்தச் சுருளுக்குக் கீழே 'முதுகுவலிக்கு விடை கொடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தலைகீழ் இலையும் அப்படியே இருந்தது.

"என் கொடி மெத்தை மேல ஏறிடுச்சு பாரு" என்றார். சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. உள்வரிகளைத் திறந்தார். எல்லா வரியும் அவர் எழுதியது, எழுதிய வரிசையில். குறிப்பு மட்டும் இல்லை. ஓவியர் பேர், அவர் பேர், குழாயடி, விற்பனைக்கு இல்லை என்ற வரி எதுவுமே இல்லை. மெயிலின் அடியில் பொடி எழுத்தில் வடிவமைத்தவர்கள் என்று ஒரு பேர் இருந்தது. தங்கை வேலை பார்க்கிற அலுவலகத்தின் பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறார். தங்கை முதலில் புரியாத மாதிரி இருந்தாள்.

"ஓ, அதுவா. கிளையண்டுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுக்கா. உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அதுல ஒரு குறிப்பு இருந்துச்சே. அது எங்க?"

"தேவையில்லாத வரியெல்லாம் எடுத்துட்டு அனுப்பச் சொன்னாங்க. மெயில் கனம் கம்மியா இருக்கணும்ல."

"தேவையில்லாத வரியா? படிச்சியா அதை?"

தங்கை குழந்தைக்கு ஊட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். "யாருக்கா உள்ள திறந்து பாக்கப் போறா?"

"என் பேரை விடு. வரைஞ்சவங்க பேரு இருந்துச்சு. விக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

அம்மா குழம்புக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். "ஆரம்பிச்சிட்டியா? அவ பேரு வந்தா என்ன, உன் பேரு வந்தா என்ன? ஒரே வீடுதானே. நீ எல்லாருக்கும் சும்மாதானே குடுத்திட்டிருக்கே. கூடப் பொறந்தவளுக்குக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

தங்கையின் கணவர் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கொடியக்கா மென்று முழுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஓவியர் அம்மாவுக்கு எழுதிட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன்.

"எழுதினா அவ வேலைக்கு ஆபத்து."

"எழுதலைன்னா?"

அவர் டப்பாவை மூடினார். "எழுதலைன்னா ஒண்ணும் ஆகாது. அதான் கஷ்டமா இருக்கு."

அதற்குப் பிறகு ஓவியரின் மெயில்களுக்கு அவர் பதில் எழுதுவது குறைந்தது. புதிதாக ஒரு செடி வரைந்திருக்கிறேன், வேண்டுமா என்று ஓவியர் கேட்டிருந்தார். அது பல நாள் திறந்தபடியே கிடந்தது.

ஆனால் ஒன்றும் ஆகாமல் இல்லை. மெத்தைக் கம்பெனியின் மெயில் ஊர்ப்பட்ட பேருக்குப் போயிருந்தது, ஓவியரின் அண்ணன் மகளுக்கும் போயிருந்தது. ஓவியர் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி விளம்பர அலுவலகத்தைப் பிடித்தது. விளம்பர அலுவலகத்தின் மேலாளர் தங்கையைக் கூப்பிட்டு, இந்தப் பேரை எடுத்தது யார், எடுத்தவர் இங்கே இருக்கக் கூடாது என்றார். அந்த மாதம்தான் அலுவலகத்தில் தங்கையை ஒரு குழுவுக்குத் தலைவியாக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அக்காவுக்கு போன் செய்தாள். மேசைக்குப் பக்கத்தில் பஞ்சு எடுக்கப் போன எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"முடியாது... அது பொய்... இல்ல, நீ என்ன வேணா சொல்லிக்கோ, நான் எழுதித் தர மாட்டேன்... அழாதே. அழுதா மட்டும்? வை போனை."

மறுநாள் அம்மா கிளினிக்குக்கே வந்துவிட்டார். கன்னம் வீங்கினவர்கள், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டவர்கள் நடுவில் ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், பஸ்ஸில் வந்திருந்தார். கொடியக்கா ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார், அம்மா பக்கம் திரும்பவில்லை. கூட்டம் குறைந்ததும் அம்மாவே எழுந்து மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவர் நினைத்திருப்பார். எல்லோருக்கும் கேட்டது.

"அவ ரெண்டு நாளா சாப்பிடலை."

"நான் என்னம்மா பண்ணணும்?"

"நீ அனுப்பும்போதே அந்த எழுத்தையெல்லாம் எடுத்துட்டுத்தான் அனுப்பினேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடும். அவ்வளவுதானே."

"அவ்வளவுதானா?"

"உன்னை யாரு வேலையை விட்டு எடுக்கப் போறா? அது உனக்குப் பொழுதுபோக்கு. அவளுக்குப் பொழைப்பு. உனக்குப் போறதுக்கு என்ன இருக்கு சொல்லு?"

வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சட்டென்று சுவர்ப் பக்கம் பார்த்தார். கொடியக்காவின் முகம் சுண்டிப்போனது. அம்மா சொன்னதில் வேண்டுமென்று குத்தியது எதுவும் இல்லை. மூத்தவளைப் பற்றி அவர் மனதில் உள்ளதை அப்படியே சொன்னார். அதனால்தான் அது அப்படித் தைத்தது.

"ஆட்டோ பிடிச்சுத் தரேன், வீட்டுக்குப் போங்க" என்றார் கொடியக்கா.

"எழுதுவியா?"

"எழுதறேன்."

அன்று சாயங்காலமே எழுதினார். நான் கருவிகளைக் கொதிக்க வைத்துவிட்டு வரும்போது அடித்து முடித்திருந்தார். பிழை இருக்கிறதா பார் என்று என்னைப் படிக்கச் சொன்னார். வாழ்நாளில் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. 'மேற்படி தாளில் இருந்த குறிப்பை நானே நீக்கி, என் தங்கையிடம் அது எனது சொந்தப் படைப்பு என்று கூறிக் கொடுத்தேன். அவருக்கு உண்மை தெரியாது' என்று இருந்தது.

"அக்கா, வேணாம்க்கா. சொந்தப் படைப்புன்னு சொன்னீங்களா என்ன? அது எதுக்கு?"

"அதைப் போட்டாத்தான் நம்புவாங்கன்னு அவ சொன்னா."

அனுப்பிவிட்டார்.

தங்கை தப்பித்தாள். மேலாளர் அந்த மெயிலை அப்படியே ஓவியருக்கு அனுப்பி, மன்னிப்பும் கேட்டு, மெத்தைக்கு வேறு தாள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். ஓவியர் அதைப் படித்துவிட்டு டீச்சரம்மாவுக்கு அனுப்பினார். குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். குறிப்போடு கூடிய பழைய தாள் டீச்சரம்மாவிடம் பத்திரமாக இருந்தது. அதுதான் கொடியக்காவுக்கு எமனாக வந்தது. ஓவியர் பேரையும் விற்கக் கூடாது என்பதையும் அவரே தெளிவாக எழுதியிருக்கிறார், ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை. யாரோ ஒருத்தி, மேகத்துக்குக் கொடியக்கா முன்பு எழுதியதையே எடுத்துப் போட்டாள். 'அடுத்தவர் பேரை அழிக்கத் துணிந்த கைக்கு இங்கே வேலையில்லை.' கீழே ஒருவர் பின் ஒருவராக ஆமாம் போட்டார்கள். நத்தை போட்டாள். அவர் குறிப்புகளைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன் என்றெல்லாம் எழுதிய ஊதாவும் போட்டாள்.

டீச்சரம்மா மட்டும் கிளினிக்குக்கு போன் செய்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாளுக்குக் குரல் பெரிசு, தள்ளி நின்றாலும் கேட்டது.

"நீ பண்ணியிருக்க மாட்டே. யாருன்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"நான்தான் டீச்சரம்மா."

"பொய் சொல்லாதே. உன் எழுத்து எனக்குத் தெரியும். அந்த மெயில்ல இருக்கறது உன் எழுத்து இல்ல, யாரோ சொல்லச் சொல்ல எழுதினது."

கொடியக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் கையால் சைகை செய்தேன், சொல்லுங்க, சொல்லுங்க என்று. ஒரே ஒரு வார்த்தை போதும். எதிரே ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டார் டீச்சரம்மா. அன்றோடு குழுவில் கொடி என்ற பேர் இல்லை. அவர் செய்த தாள்கள் எல்லாவற்றையும் குழுவின் சேமிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதுதான் வழக்கம். மேகத்துக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

ஓவியர் கடைசியாக ஒரு மெயில் எழுதினார். கொடியக்கா அதை எனக்குக் காட்டிவிட்டு உடனே அழித்துவிட்டார். ஆனாலும் எனக்கு நினைவிருக்கிறது. 'அந்தக் கொடியைக் கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. உங்களுக்குக் கொடுத்தேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்.'

பதில் எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார். எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பாதி உண்மை எழுத அவருக்கு வராது, முழுப் பொய் ஒருமுறை எழுதியதோடு சரி. கடைசியில் எழுதவே இல்லை.

தங்கை அலுவலகத்தில் குழுத் தலைவி ஆனாள். இவருக்கு ஒரு நன்றி வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் இரண்டு ஞாயிறு வழக்கம்போலப் போனார். தங்கை தலைவலி என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவர்கள் வெளியே போய்விட்டார்கள், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்புறம் குழந்தையின் பிறந்தநாள் வந்தது. கொடியக்கா ஒரு குட்டி வாட்டர் பாட்டில் வாங்கி வைத்திருந்தார், மூடியில் வாத்து முகம் போட்டது. முதல்நாள் அம்மா கிளினிக்குக்கு போன் செய்தார்.

"நாளைக்கு அவ ஆபீஸ்காரங்க எல்லாம் வருவாங்க. உன்னைப் பாத்தா ஏதாவது கேப்பாங்க. அவளுக்குச் சங்கடம். நீ இன்னொரு நாள் வாயேன்."

"என்னைப் பாத்தா என்ன கேப்பாங்கம்மா?"

"அதான்... அந்த விஷயத்தைப் பண்ணினது நீதானேன்னு அவங்க நினைச்சிட்டிருக்காங்கல்ல."

"நினைச்சிட்டிருக்காங்களா?" என்று கேட்டார் கொடியக்கா. "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அம்மா பேச்சை மாற்றிவிட்டாராம். அந்தப் பாட்டிலை ரொம்ப நாள் மேசை இழுப்பறையில் பார்த்தேன். பிறகு ஒரு நோயாளியின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போய் நாலு பேர் முன்னாடி சொல்லிட்டு வாங்கக்கா. எல்லாரும் உங்க தலையில ஏறி உக்காந்திருக்காங்க" என்றேன்.

"யாரு நம்புவா? நானே எழுதிக் குடுத்திருக்கேனே. அதுவும் பிழையில்லாம."

தாள் செய்வதை அவர் விட்டுவிட்டார். டாக்டர் ஒருமுறை, நம்ம கிளினிக் மெயிலுக்கு ஓரத்தில் ஏதாவது பூ போடக் கூடாதா என்று ஆசையாகக் கேட்டார். நாள், நேரம், போன் நம்பர் தெரிந்தால் போதும் டாக்டர், பல்லுக்குப் பூ எதுக்கு என்று முடித்துவிட்டார். அதற்குள் ஜனங்களும் மெயில் எழுதுவதை விட்டுவிட்டு போனிலேயே குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சரம்மா நடத்திய குழுவுக்கு இணையத்தில் இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையை மூடியது. அதில் இருந்த தாள்கள், குறிப்புகள், யார் யாரை நீக்கினார்கள் என்ற கதைகள் எல்லாம் ஒரேயடியாகப் போயின. அதை நான் சொன்னபோது கொடியக்காவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். "கொஞ்சம் முன்னாடியே மூடியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அப்போது நான் வேறு கிளினிக்குக்கு மாறியிருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு ஒரு மாலை மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் கொடியக்கா, அந்தப் பக்கம் தங்கை. அம்மா மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கவில்லை, மேசையில் வைத்தார், மற்றவர் எடுத்துக்கொண்டார். கேட்க வேண்டியதையெல்லாம் இரண்டு பேரும் நர்ஸிடமே கேட்டார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா வீடு திரும்பிய பிறகு கொடியக்காவை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். தையல்கடை அதே சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. தலை நிறைய நரைத்திருந்தது. ஸ்வெட்டர் மட்டும் புதுசு.

"தங்கச்சி பேசினாங்களா?" என்று கேட்டேன்.

"பேசினா. கடைசி நாள். அம்மாவை டிஸ்சார்ஜ் பண்றதுக்காக வராந்தாவுல உக்காந்திருந்தோம்."

"என்ன சொன்னாங்க?"

கொடியக்கா ஜன்னலைச் சாத்தினார், மிஷின் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"'நீ அன்னிக்கு எழுதிக் குடுத்திருக்கக் கூடாதுக்கா'ன்னு சொன்னா. 'நான் பயந்து போய் ஏதோ கேட்டேன். சின்னவ கேட்டா நீ செஞ்சிடறதா? மாட்டேன்னு ஒரு அறை விட்டிருந்தா, அந்த வேலை போனா போகுதுன்னு வேற பாத்திருப்பேன். இப்ப பாரு, ஆயுசுக்கும் உன் முகத்தைப் பாக்க முடியாம பண்ணிட்டே'ன்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காபி வேணுமான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"சர்க்கரை இல்லாம வேணும்னு சொன்னா. கீழ கேண்டீன்ல போய் வாங்கிட்டு வந்து குடுத்தேன்."